ஒரே கோப்பில் மூன்று குடும்பங்கள்: தில்லி அரசு ஊழியர் ஒருவர் தன் இணையருக்கு மருத்துவக் காப்பு கேட்ட நிகழ்வு

பின்னணி

இது 2023 இறுதியில் தில்லியில் தொடங்கி இரண்டு ஆண்டுகளாக நீளும் ஒரு விவகாரம். சம்பந்தப்பட்ட இருவருமே தமிழ்ப் பெண்கள். ஒருவர் மத்திய அரசு அமைச்சகம் ஒன்றில் உதவிப் பிரிவு அலுவலர். கும்பகோணம் பக்கத்து ஊர்க்காரர், 2012இல் பணியில் சேர்ந்தவர். இன்னொருவர் மதுரைக்காரர், வீட்டிலேயே பள்ளிப் பிள்ளைகளுக்குக் கணக்கும் தமிழும் டியூஷன் எடுக்கிறார். முனிர்காவில் ஒரு வாடகை வீட்டில் பல ஆண்டுகளாகச் சேர்ந்து வாழ்கிறார்கள். இங்கே முதலாமவரை ஊழியர் என்றும் இரண்டாமவரை இணையர் என்றும் குறிப்பிடுகிறேன். ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை விட்டுவிட்டேன்.

நான் மத்திய அரசின் நிர்வாகப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவள். பணிப் பதிவேடு, நியமனப் படிவம், மருத்துவ அட்டை என்று அந்த வேலையிலேயே காலம் போனது. ஆர்.கே.புரம் வட்டாரத் தமிழர்கள் இப்போதும் சந்தேகம் கேட்டு வருவார்கள். அப்படித்தான் இந்த இருவரும் வந்தார்கள்.

வந்த நேரம் முக்கியம். 2023 அக்டோபர் 17 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு, தன்பாலினத் திருமணத்துக்குச் சட்ட ஏற்பு தர மறுத்தது. அதே வழக்கில், அமைச்சரவைச் செயலர் தலைமையில் ஒரு குழு அமைத்து, தன்பாலின இணையர்களின் அன்றாடத் தேவைகளை ஆராய்வதாக மத்திய அரசு உறுதி கொடுத்தது. அந்தக் குழு பார்க்க வேண்டியவை என்று அப்போதைய தலைமை நீதிபதியின் தீர்ப்புரை சொன்னவற்றில் ரேஷன் அட்டை, கூட்டு வங்கிக் கணக்கு, மருத்துவ முடிவுகள் ஆகியவற்றோடு பணிக்கொடை, குடும்ப ஓய்வூதியம், காப்பீடு போன்ற வேலைசார்ந்த உரிமைகளும் இருந்தன. (பணிக்கொடை என்பது கிராஜுவிட்டி.) ஊழியர் அந்தப் பகுதியை அச்செடுத்து, அடிக்கோடிட்டுக் கொண்டுவந்திருந்தார்.

“கல்யாணம் இல்லைன்னு சொல்லிட்டாங்க, சரி. காப்பீடு கேக்கலாம்ல மேடம்?” என்றார்.

கோப்பைப் பார்த்தபோது தெரிந்தது

முதலில் அவருடைய பணிப் பதிவேட்டில் என்னென்ன நியமனங்கள், அதாவது தனக்குப் பின் பணம் யாருக்கு என்ற நாமினி பதிவுகள், இருக்கின்றன என்று பார்க்கச் சொன்னேன். எல்லாவற்றிலும் அம்மா பெயர்தான். அப்பா காலமாகிவிட்டார். அம்மா ஊரில் குடும்ப ஓய்வூதியம் வாங்குகிறார். ஊழியருக்குத் திருமணம் ஆகவில்லை, கூடப் பிறந்தவர்களும் இல்லை.

அரசு ஊழியரின் ‘குடும்பம்’ யார் என்பதற்கு ஒரே விடை கிடையாது. ஒவ்வொரு திட்டமும் தன் விதியில் தனியாக ஒரு குடும்பத்தை வரையறுத்து வைத்திருக்கிறது. வெளியில் இருப்பவர்களுக்கு இது தெரிவதில்லை. உள்ளே இருக்கிற பலரும் யோசித்துப் பார்ப்பதில்லை.

பணிக்கொடைக்கும் 1980ஆம் ஆண்டின் குழுக் காப்பீட்டுத் திட்டத்துக்கும் தாய் எப்போதுமே குடும்பம்தான், அவருக்குச் சொந்த வருமானம் இருந்தாலும்கூட. குடும்பம் என்று ஒருவர் இருக்கும்வரை அதற்கு வெளியே யாரையும் நியமிக்க முடியாது. ஆக இந்த இரண்டிலும் இணையருக்கு இடமில்லை.

தேசிய ஓய்வூதியத் திட்டம், அதாவது என்பிஎஸ், வேறு மாதிரி. அதில் பெற்றோர் ‘சார்ந்திருப்பவர்’ ஆக இருந்தால்தான் குடும்பம். சொந்தமாக ஓய்வூதியம் வாங்கும் அம்மா அந்த வரையறைக்குள் வரமாட்டார். அப்படியானால் விதியின் கண்ணில் இந்த ஊழியருக்குக் குடும்பமே இல்லை. குடும்பம் இல்லாதவர் யாரை வேண்டுமானாலும் நியமிக்கலாம்.

மூன்றாவது, மத்திய அரசு சுகாதாரத் திட்டம், சிஜிஹெச்எஸ். தில்லியில் 1954இல் தொடங்கியது. இங்கே கணவன் அல்லது மனைவி, சார்ந்திருக்கும் பெற்றோர், பிள்ளைகள், சில நிபந்தனைகளோடு சகோதர சகோதரிகள் ஆகியோர் குடும்பம். சார்ந்திருப்பவர் என்றால் மாத வருமானம் 9,000 ரூபாயும் அதற்கான அகவிலைப்படியும் சேர்ந்த தொகைக்குள் இருக்க வேண்டும். அம்மாவின் ஓய்வூதியம் அதைத் தாண்டியது. ஆக அம்மாவும் உள்ளே இல்லை, இணையரும் இல்லை. அட்டையில் இருப்பது ஊழியர் ஒருவர் மட்டும்தான்.

ஆனால் சம்பளத்தில் பிடிக்கும் சந்தா எல்லோருக்கும் ஒன்றே. ஊதிய நிலை 7இல் இருப்பவருக்கு மாதம் 650 ரூபாய். பக்கத்து மேசையில் அதே நிலையில் இருப்பவர் அதே 650க்கு மனைவி, இரண்டு பிள்ளைகள், அம்மா, அப்பா எல்லோரையும் சேர்த்திருக்கிறார். அதில் எனக்கு எந்த மனத்தாங்கலும் இல்லை, அப்படித்தான் இருக்க வேண்டும். ஆனால் அதே பணத்தைக் கட்டிவிட்டு, கூட வாழும் ஒருவருக்கு ஒரு மாத்திரைகூட வாங்க முடியாமல் ஒருவர் நிற்பது நியாயமே இல்லை.

முதல் முடிவு: கேட்பதற்கு முன் திறந்திருக்கும் கதவுகள்

உடனே விண்ணப்பம் போடலாமா என்று ஊழியர் கேட்டார். அந்த விண்ணப்பம் எந்தெந்தக் கைகளுக்குப் போகும் என்பதை வரிசையாகச் சொன்னேன். அவருடைய பிரிவு அலுவலர், நிர்வாகப் பிரிவில் கோப்பைக் கையாளும் எழுத்தர், அவருக்கு மேலே சார்புச் செயலர். இதில் யாரும் ரகசியம் காப்பார்கள் என்று நம்பியிருக்க முடியாது. மதியச் சாப்பாட்டு நேரத்துக்குள் தளம் முழுக்கத் தெரிந்துவிடும். தில்லித் தமிழர் வட்டாரமோ சின்னது. ஆர்.கே.புரம் முருகன் கோயிலான மலை மந்திரில் வெள்ளிக்கிழமை தெரிந்தால் ஞாயிற்றுக்கிழமை கும்பகோணத்துக்குப் போய்விடும்.

இணையர் அதுவரை பேசாமல் இருந்தவர், “அம்மாவுக்கு முதல்ல நீயே சொல்லு. அதுக்கப்புறம் ஆபீஸ்” என்றார். அதுவே முடிவாயிற்று. விண்ணப்பத்தைத் தள்ளிவைத்து, யாரிடமும் எதையும் விளக்காமல் செய்யக்கூடியவற்றை முதலில் முடிப்பது.

என்பிஎஸ் நியமனத்தை இணையர் பெயருக்கு மாற்றினார் ஊழியர். உறவு என்ற கட்டத்தில் தோழி என்று எழுதினார். கணக்குப் பிரிவு, அம்மா இருக்கும்போது எப்படி என்று திருப்பி அனுப்பியது. ஓய்வூதிய ஒழுங்குமுறை ஆணையத்தின் 2015ஆம் ஆண்டு விதியில் ‘சார்ந்திருக்கும் பெற்றோர்’ என்று இருப்பதைக் காட்டி, அம்மாவின் ஓய்வூதிய ஆணை நகலையும் இணைத்தோம். ஏற்றுக்கொண்டார்கள்.

அப்புறம் ஒரு டேர்ம் பாலிசி, அதாவது குறிப்பிட்ட காலத்துக்குள் இறந்தால் நியமனதாரருக்குப் பணம் தரும் ஆயுள் காப்பீடு. இதில் பலருக்குத் தெரியாத ஒரு நுணுக்கம் உண்டு. காப்பீட்டுச் சட்டம் 39ஆம் பிரிவில் 2015இல் செய்த திருத்தப்படி பெற்றோர், கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள் ஆகியோரை நியமித்தால் பணம் அவர்களுக்கே சொந்தம். வேறு யாரை நியமித்தாலும் அவர் பணத்தை வாங்கிக்கொள்ளலாம், ஆனால் சட்ட வாரிசு வந்து கேட்டால் கொடுக்க வேண்டிவரும். அதனால் நியமனத்தோடு உயிலும் கட்டாயம். இரண்டு சாட்சிகள் கையெழுத்திட்ட உயிலை இருவருமே எழுதி, பதிவும் செய்தார்கள்.

மருத்துவமனையில் நடந்தது

இணையருக்குக் கருப்பையில் நார்த்திசுக் கட்டி இருப்பது முன்பே தெரியும். 2024 மார்ச்சில் ரத்தப்போக்கு நிற்கவில்லை, ஹீமோகுளோபின் மிகவும் இறங்கிவிட்டது. அரசு மருத்துவமனையில் அறுவை சிகிச்சைக்குத் தேதி தள்ளிப்போனதால் தனியார் மருத்துவமனை ஒன்றில் சேர்த்தார்கள். கருப்பையை எடுத்துவிட வேண்டும் என்றார் மருத்துவர்.

சேர்க்கை மேசையில் ஒப்புதல் படிவத்தில் நோயாளிக்கு உறவு என்ற கட்டத்தைப் பேனாவால் தட்டிக்கொண்டே, கணவரோ அண்ணன் தம்பியோ வரட்டும் என்றார் அங்கிருந்தவர். இணையர் முழு நினைவோடு சக்கர நாற்காலியில் பக்கத்திலேயே இருக்கிறார், 36 வயது. அவரிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. மதுரையிலிருக்கும் தம்பியோ அக்காவோடு பேசி வருடக்கணக்காகிறது.

ஊழியர் எனக்குப் போன் செய்தார். நேரில் போனேன். தம்பியை அழைப்பதா, வேண்டாமா என்பதுதான் அங்கே எடுக்க வேண்டியிருந்த முடிவு. அழைத்தால் காரியம் சீக்கிரம் முடியும். ஆனால் நாளைக்கு எது நடந்தாலும் முடிவெடுப்பவர் அந்தத் தம்பி என்று மருத்துவமனைப் பதிவில் ஏறிவிடும். இணையர் வேண்டாம் என்று தெளிவாகச் சொன்னார். அவர் உடம்பு, அவர் சொல்தான் கடைசி.

மருத்துவக் கண்காணிப்பாளரைப் பார்த்தோம். சண்டை எதுவும் போடவில்லை. இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002 நெறிமுறை, கணவன் அல்லது மனைவி, சிறார் என்றால் பெற்றோர், அல்லது நோயாளி ஆகியோரிடம் எழுத்தில் ஒப்புதல் வாங்கச் சொல்கிறது. அந்த வரியின் முதல் பாதியையே மருத்துவமனைகள் பழக்கமாக்கிக்கொண்டன. ஆனால் 2008இல் உச்ச நீதிமன்றம் சமீரா கோலி வழக்கில் விஷயத்தைத் தெளிவாக்கிவிட்டது. அதுவும் ஒரு கருப்பை அகற்றல் வழக்குதான். நோயாளி மயக்கத்தில் இருந்தபோது அவர் தாயிடம் வாங்கிய ஒப்புதல் செல்லாது, நினைவோடு இருக்கும் வயதுவந்தவரின் ஒப்புதலை அவரேதான் தர முடியும் என்பது தீர்ப்பு. இதைச் சொன்னதும் கண்காணிப்பாளர் இணையரிடமே கையெழுத்து வாங்கச் சொன்னார். உடன் இருப்பவர் என்ற இடத்தில் ஊழியரின் பெயரும் எண்ணும் எழுதப்பட்டன.

அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. செலவு இரண்டு லட்சத்தைத் தொட்டது. ஊழியர் அலுவலகக் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் கடன் வாங்கிக் கட்டினார். கணவனோ மனைவியோ என்றால் பேனலில் உள்ள மருத்துவமனையில் சிஜிஹெச்எஸ் கட்டணப்படி அட்டையிலேயே முடிந்திருக்கும். இணையரைப் பார்த்துக்கொள்ள ஊழியர் எடுத்த விடுப்பும் சொந்தக் காரணம் என்றுதான் பதிவாகியிருக்கிறது.

தனியார் காப்பீடு ஏன் மாற்று ஆகவில்லை

வெளியில் ஒரு பாலிசி எடுத்தால் போதாதா என்று நண்பர்கள் கேட்டார்கள். எடுத்தார்கள். குடும்பப் பாலிசியில் இருவரையும் சேர்க்க அவர்கள் அணுகிய நிறுவனம் திருமணச் சான்று கேட்டது. அதனால் இணையருக்குத் தனிநபர் பாலிசி. ஏற்கெனவே உள்ள நோய்களுக்கான காத்திருப்புக் காலத்தைக் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2024 ஏப்ரலில் 48 மாதத்திலிருந்து 36 ஆகக் குறைத்தது. அப்படியும் இணையரின் தைராய்டு பிரச்சினைக்கு 2027 வரை காப்பு கிடையாது. சிஜிஹெச்எஸ் அட்டையில் பெயர் ஏறியவருக்கு அப்படிக் காத்திருப்பே இல்லை, பழைய நோயும் அன்றைக்கே சேரும். பிரீமியத்தை ஊழியர் கட்டினாலும் வருமான வரியில் கழிக்க முடியாது, அந்த விதியின் குடும்பத்திலும் இணையர் இல்லை. தனிநபர் மருத்துவப் பாலிசிக்கு இருந்த 18 சதவீத ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் நீங்கியது மட்டும் கொஞ்சம் ஆறுதல்.

இரண்டாவது முடிவு: எழுத்தில் கேட்பது

2024 ஆகஸ்டில் நிலைமை சற்று மாறியது. உணவு, பொது விநியோகத் துறை, ரேஷன் அட்டைக்குத் தன்பாலின இணையர்களை ஒரே வீட்டாராகக் கருதும்படி மாநிலங்களுக்கு எழுதியது. ஆகஸ்ட் 28 அன்று நிதிச் சேவைகள் துறை, கூட்டு வங்கிக் கணக்கு தொடங்கவும், இணையரை நியமிக்கவும் தடையேதும் இல்லை என்று தெளிவுபடுத்தியது. செப்டம்பர் 1 அன்று சமூகநீதி அமைச்சகம் இவற்றைத் தொகுத்து அறிவித்து, பொதுமக்களின் கருத்தையும் கேட்டது.

வங்கிக் கிளையில் அந்த அறிவிப்பின் நகலைக் காட்டியதும் இருவர் பெயரிலும் கணக்கு தொடங்கித் தந்தார்கள். ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை என்று ஊழியர் சந்தோஷமாகச் சொன்னார். ஒரு துறை ஒரு பக்கக் கடிதம் எழுதினாலே கீழே இருப்பவர்களின் தயக்கம் போய்விடும் என்பதை நான் பணிக்காலம் முழுக்கப் பார்த்திருக்கிறேன்.

இதற்குள் ஊழியர் தீபாவளிக்கு ஊருக்குப் போய் அம்மாவிடம் சொல்லியிருந்தார். அம்மா இரண்டு நாள் சரியாகப் பேசவில்லையாம். கிளம்பும்போது, “ஆபரேஷன் பண்ண உடம்பு, அந்தப் பொண்ணு வெயிட் தூக்கக் கூடாதுன்னு சொல்லு” என்று சொல்லி, புளிக்காய்ச்சலும் பருப்புப் பொடியும் கட்டிக் கொடுத்திருக்கிறார்.

நவம்பரில் விண்ணப்பம் கொடுத்தோம். அட்டை கிடைக்கும் என்ற எதிர்பார்ப்பில் இல்லை. விதியைச் சொல்லி எழுத்தில் ஒரு மறுப்பு வேண்டும் என்பதுதான் நோக்கம். வாய்மொழியாக முடியாது என்று சொன்னதை வைத்து யாரிடமும் முறையிட முடியாது. தவிர, யாருமே கேட்காவிட்டால், அப்படி ஒரு கோரிக்கையே வரவில்லை என்று நாளைக்கு ஏதோ ஒரு கோப்பில் எழுதிவிடுவார்கள்.

விண்ணப்பத்தில் மூன்று வாதங்கள் வைத்தோம். ஒன்று, 2022 ஆகஸ்டில் தீபிகா சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம், குடும்பம் என்பது வழக்கமான அமைப்பில் மட்டும் இருப்பதில்லை, தன்பாலின உறவுகளாகவும் அமையலாம், அவற்றுக்கும் சட்டத்தின் பாதுகாப்பும் நலத்திட்டப் பயன்களும் உரியவை என்று சொன்னது. அது ஓர் அரசு ஊழியரின் மகப்பேறு விடுப்பு வழக்கு என்பது இங்கே பொருத்தம். இரண்டு, ஆகஸ்ட் அறிவிப்புகள். மூன்றாவதைத்தான் நான் முக்கியமாக நினைக்கிறேன். சிஜிஹெச்எஸ் நாடாளுமன்றச் சட்டம் அல்ல, நிர்வாகத் திட்டம். அதன் குடும்ப வரையறை அலுவலகக் குறிப்பாணைகளால் மாறி வந்திருக்கிறது. பெண் ஊழியர் தன் பெற்றோருக்குப் பதில் மாமனார் மாமியாரைச் சேர்க்கலாம் என்ற தெரிவு இருக்கிறது, வருமான வரம்பு உயர்ந்திருக்கிறது. எதற்கும் திருமணச் சட்டத்தைத் தொட வேண்டியிருக்கவில்லை.

அமெரிக்காவை ஒப்பிட்டால் வித்தியாசம் தெரியும். அங்கே 2009 ஜூனில் அதிபர் ஒபாமா, கூட்டரசு ஊழியர்களின் தன்பாலின இணையர்களுக்குச் சில பயன்களை ஓர் ஆணையால் கொடுத்தார். மருத்துவக் காப்பீட்டைக் கொடுக்க முடியவில்லை, திருமணம் ஆணுக்கும் பெண்ணுக்கும் இடையேதான் என்று வரையறுத்த ஒரு சட்டப் பிரிவு குறுக்கே நின்றது. 2013இல் உச்ச நீதிமன்றம் அந்தப் பிரிவை நீக்கிய பிறகே மணமுடித்த இணையர்களுக்குக் கிடைத்தது. இங்கே அப்படி ஒரு தடைச் சட்டம் எதுவும் இல்லை. தனியார் துறையில் டாடா ஸ்டீல் 2019இலும் ஆக்சிஸ் வங்கி 2021இலும் ஊழியர்களின் இணையர்களைச் சேர்த்துக்கொண்டன, அவையும் இதே நாட்டுச் சட்டத்துக்கு உட்பட்டவைதான்.

விளைவு

2025 மார்ச்சில் பதில் வந்தது. தற்போதைய வரையறையில் இத்தகைய பிரிவு இல்லாததால் பரிசீலிக்க இயலாது. இரண்டு பத்திதான். மறுப்பு என்றாலும் விதி எண்ணோடு வந்திருக்கிறது. அதன் நகலை இணைத்து அமைச்சரவைச் செயலர் குழுவுக்கு, சமூகநீதி அமைச்சகத்தின் வழியாக, ஒரு முறையீடு அனுப்பினார் ஊழியர். பெற்றுக்கொண்டதற்கான ஒப்புகை மட்டும் இருக்கிறது.

அலுவலகத்தில் செய்தி பரவியது, எதிர்பார்த்தபடியே. சிலர் பேச்சைக் குறைத்துக்கொண்டார்கள். பிரிவு அலுவலர் மட்டும், கோப்பில் குறிப்பு எழுதும்போது விண்ணப்பதாரரின் கோரிக்கை அனுதாபத்தோடு பார்க்கத்தக்கது என்று ஒரு வரி சேர்த்திருந்தார். அவர் அப்படி எழுத வேண்டிய கட்டாயமே இல்லை. அந்த ஒரு வரிக்கு நான் அவருக்கு மிகவும் கடமைப்பட்டிருக்கிறேன்.

மூன்றாவது ஒரு முடிவும் 2025இல் எடுக்க வேண்டியிருந்தது. ஏப்ரல் முதல் ஒருங்கிணைந்த ஓய்வூதியத் திட்டம், யுபிஎஸ், வந்தது. 25 ஆண்டு பணிக்கு அடிப்படைச் சம்பளத்தில் பாதி உத்தரவாதம். பெரும்பாலோருக்கு அது கவர்ச்சியானதுதான். ஆனால் அதில் ஓய்வூதியர் இறந்தபின் 60 சதவீதம் பெறுபவர் சட்டப்படி மணந்த துணை மட்டுமே. என்பிஎஸ்ஸில் சேர்ந்த தொகைக்கு நியமனதாரர் உண்டு. உத்தரவாதத்தை விட்டுவிட்டு, நவம்பர் 30 கெடு முடியும்வரை மாறாமல் என்பிஎஸ்ஸிலேயே இருந்துவிட்டார் ஊழியர். சம்பளம் ஒன்றாக இருக்கும் சக ஊழியர் யோசிக்கவே தேவையில்லாத ஒரு விலை இது.

மாற வேண்டியவை

இதே நிலையில் இருப்பவர்கள் நோய் வருவதற்கு முன்பே தனிநபர் மருத்துவப் பாலிசி எடுத்துவிட வேண்டும். காத்திருப்புக் காலம் உடம்பு நன்றாக இருக்கும்போதே ஓடி முடியட்டும். முன்கூட்டிய மருத்துவ ஆணையும் எழுதி வைக்கலாம். 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதை எளிதாக்கிவிட்டது, இரண்டு சாட்சிகளும் நோட்டரி அல்லது கெஜட்டட் அதிகாரியின் சான்றும் போதும். உயிர்காக்கும் சிகிச்சை தொடர்பான கடைசிக் கட்ட முடிவுகளுக்குத்தான் அது, என்றாலும் முடிவெடுப்பவர் இன்னார் என்று பெயர் எழுத இடம் இருக்கிறது. இந்த இருவரும் இப்போது எழுதிவிட்டார்கள். மனநலப் பராமரிப்புச் சட்டத்தில், உறவினர் அல்லாதவரையும் நியமனப் பிரதிநிதியாக்க 2018 முதலே வழி உண்டு. நியமனங்களை ஒவ்வொரு திட்டத்தின் வரையறையோடும் தனித்தனியாக ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். ஒன்றில் முடியாது என்றால் எல்லாவற்றிலும் முடியாது என்று அர்த்தம் இல்லை.

அரசு செய்ய வேண்டியது, என் கணிப்பில், பெரிய காரியம் அல்ல. கூட்டுக் கணக்கு, ஒரே முகவரி, உறுதிமொழிப் பத்திரம் ஆகியவற்றின் அடிப்படையில் ஊழியர் தன்னோடு வாழும் ஒருவரைத் தன் இணையராக அறிவிக்கலாம் என்று சிஜிஹெச்எஸ் வரையறையில் ஒரு வரி சேர்க்க வேண்டும். பணிக்கொடையிலும் குழுக் காப்பீட்டிலும் ‘குடும்பம்’ இருந்தாலும் ஒரு பங்கை இணையருக்கு எழுத அனுமதிக்க வேண்டும். இவற்றோடு, இப்படிப்பட்ட விண்ணப்பங்கள் மூடிய உறையில் ஒரே அதிகாரியிடம் போக வேண்டும். மூன்றாவது இல்லாமல் முதல் இரண்டும் வந்தால் பயன்படுத்தத் துணிபவர்கள் மிகக் குறைவாகவே இருப்பார்கள்.

இப்போதைய நிலை

2025 ஜனவரி 9 அன்று திருமணத் தீர்ப்பின் மீதான மறுஆய்வு மனுக்கள் தள்ளுபடியாயின. ஆனால் 2025 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றம், திருமணம் மட்டுமே குடும்பத்தை அமைக்கும் வழியல்ல, தாமாகத் தேர்ந்துகொண்ட குடும்பமும் குடும்பமே என்று சொன்னது. ஊழியரின் வழக்கறிஞர் அந்தத் தீர்ப்பையும் கேட்டு வாங்கி வைத்திருக்கிறார். மார்ச் மறுப்பை எதிர்த்து மத்திய நிர்வாகத் தீர்ப்பாயத்துக்குப் போக ஓராண்டு கெடு உண்டு. முதலில் வேண்டாம் என்றிருந்த ஊழியர், அம்மாவுக்குத் தெரிந்தபின் மனம் மாறி, பெயரை மறைத்து விசாரிக்கக் கோரும் மனுவோடு சேர்த்து வக்காலத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறார். தில்லி முதன்மை அமர்வில் கெடுவுக்குள் தாக்கல் செய்ய வேலை நடக்கிறது.